எண்ணாமல் விட்ட இதழ்

படகுத்துறையில் அவளுக்கு வைத்த பெயர் பம்பரம். யார் வைத்தது என்று தெரியாது, ஆனால் வைத்தவன் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறான். நாற்பத்தாறு வயதாகி, இரண்டு பிள்ளைகளை வளர்த்து வெளியூருக்குப் படிக்க அனுப்பிய பிறகும் அவளால் ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்கார முடியாது. டீ குடிப்பதுகூட நடந்துகொண்டேதான். பட்டறையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு, அதில் பழைய ஃபில்டர்கள்தான் உட்கார்ந்திருக்கும். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு பிறந்தவள் என்பாள் அவள் மாமியார். அது பாராட்டா, திட்டா என்று இருபது வருடமாகியும் மருமகளுக்கு விளங்கவில்லை. நின்று கேட்க நேரம் கிடைத்தால்தானே.

தொழில் படகு எஞ்சின் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்பு, தண்ணீர் பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் டீசல் எஞ்சின்களைப் பூட்டும் வரிசையில் ஆறு வருடம் நின்றவள். நின்றவள் என்று சொல்வது பேச்சுக்குத்தான். மேற்பார்வையாளர் அவளைத் தேடிக்கொண்டே இருப்பாராம். அந்தச் சமயத்தில்தான் சொந்தப் படகு வைத்திருக்கும் ஒருவரோடு கல்யாணப் பேச்சு வந்தது. வாரம் மூன்று நாள் எதிரே உள்ள தீவுகளுக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிப் போகிற படகு. பெரியவர்கள் பேசி முடிப்பதற்குள் இவள் எழுந்து, “படகைப் பாக்கலாமா?” என்று கேட்டுவிட்டாள். மாப்பிள்ளையைப் பார்த்தாயிற்று, படகை எதற்குப் பார்க்க வேண்டும் என்று அவள் அப்பாவுக்கு முகம் கறுத்துப் போயிற்று.

படகைப் பார்த்தாள். எஞ்சினைப் போட்டதும் கருகருவென்று புகை. ஆயில் பார்க்கும் கம்பியை உருவி விரலில் தொட்டுப் பார்த்தாள், ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது. தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

“என்னைக் கட்டிக்கிறதுன்னா முதல்ல இந்த எஞ்சினை இறக்குங்க,” என்றாள் மாப்பிள்ளையிடம். “நான் வர்றதுக்குள்ள இது செத்துடும்.”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பக்கத்தில் நின்ற அவர் தம்பிதான் சிரித்துக்கொண்டே, “அண்ணனுக்கு இதுதாங்க மூத்த சம்சாரம். நீங்க இளையவங்க. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க அண்ணி,” என்றான். அன்றிலிருந்து எஞ்சினுக்குப் பெயர் மூத்தாள். இவளுக்கு வீட்டில் இளையாள். சக்களத்தியை இப்படிச் சீராட்டியவள் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டாள்.

அப்போது மூத்தாளுக்கு ஆறாயிரம் மணி நேரம். படகு எஞ்சினின் வயதை வருடத்தில் சொல்வதில்லை, ஓடிய மணியில்தான் சொல்வார்கள். அதைக் காட்ட ஒரு மீட்டரே இருக்கும். எட்டாயிரம் மணி ஓடினால் உங்கள் சாமர்த்தியம் என்று விற்றவர் சொல்லியிருந்தார். இன்னும் இரண்டு வருடம் தாங்கினால் அதிகம் என்றார்கள் துறையில் எல்லாரும். இன்றைக்கு அந்த மீட்டரில் பத்தொன்பதாயிரத்து நானூறு. இருபத்தோரு வருடமாக இவள்தான் வைத்தியம்.

எப்படி என்று கேட்டு யாராவது வந்தால் போதும், பிடித்துக்கொள்வாள்.

“எந்த எஞ்சினும் வயசாகிச் செத்ததா நான் பாத்ததில்ல. எல்லாமே கொலைதான். உப்புத் தண்ணி, அழுக்கு டீசல், மாத்தாத ஆயில், கவனிக்காம விட்ட சூடு. இதுல ஏதாவது ஒண்ணு கொலைகாரனா இருக்கும். அவனை உள்ள விட்டவன் படகுக்காரனா இருப்பான்.”

எஞ்சினைப் போட்ட கையோடு முறுக்குகிறவர்களைக் கண்டால் கரையிலிருந்தே கத்துவாள். “தூங்கிட்டு இருக்கறவனை எழுப்பி உடனே மூட்டை தூக்கச் சொல்லுவியா? அஞ்சு நிமிஷம் சும்மா ஓட விடு!” கரைக்கு வந்ததும் படக்கென்று அணைக்கிறவர்களுக்கும் அதே அர்ச்சனைதான். ஓடி வந்தவன் மூச்சு வாங்க வேண்டாமா? நூறு மணிக்கு ஒருமுறை ஆயில். டீசல் தொட்டியின் அடியில் சேரும் தண்ணீரை வாராவாரம் வடித்துவிட வேண்டும். ஒரு மாதம் கட்டிப் போட்டுவிட்டு வெளியூர் போகிறேன் என்று எவனாவது சொன்னால் அவனிடம்தான் கோபம் அதிகம். சும்மா கிடக்கிற எஞ்சின் ஓடுகிற எஞ்சினை விடச் சீக்கிரம் போய்விடும் என்பது அவள் கட்சி. சும்மா இருப்பதைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் எதிலும் கிடையாது.

எல்லாவற்றையும் விட அவள் அதிகமாக அடித்துச் சொல்வது எண்ணுவதைப் பற்றித்தான்.

கடல் தண்ணீரை உள்ளே இழுத்து எஞ்சினைக் குளிரவைக்கும் பம்புக்குள் ஒரு ரப்பர்ச் சக்கரம் இருக்கும். இம்பெல்லர் என்று பெயர். உள்ளங்கை அகலம்தான், சுற்றிலும் பத்து இதழ். வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சாமான், மாற்ற இருபது நிமிடம் போதும். ஆனால் பழைய சக்கரத்தில் ஓர் இதழ் ஒடிந்திருந்தால் அந்தத் துண்டு காற்றில் கரைந்து போயிருக்காது. தண்ணீரோடு ஓடி, குழாயில் எங்காவது குறுகலான இடம் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். மெதுவாக ஓட்டும் வரையில் ஒன்றும் தெரியாது. முழு வேகத்தில் போகும்போதுதான் தண்ணீர் போதாமல் எஞ்சின் சூடேறும், அதன் மேல்மூடியான ஹெட் வளையும், பிஸ்டன் இறுகி நின்றுவிடும். அதனால் கழற்றியவுடன் எண்ண வேண்டும். சக்கரத்தில் இருப்பதும் கையில் கிடைத்த துண்டும் சேர்ந்து பத்து வர வேண்டும். வராவிட்டால் குழாய் குழாயாகப் பிரித்துத் தேடிவிட்டுத்தான் படகை அவிழ்க்க வேண்டும்.

போன வருடம் இதைச் செய்யாமல் விட்டவன் துறையின் அந்தக் கோடியில் பட்டறை வைத்திருக்கும் இன்னொரு மெக்கானிக். எதைக் காட்டினாலும் “சரியாயிடும்” என்று சொல்லிச் சொல்லி அதுவே அவன் பெயராகிவிட்டது. அவன் கை வைத்த படகு ஒன்று நடுக்கடலில் சூடேறி நின்று, இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. பம்பரம் அவனைப் படகுத்துறையில் அத்தனை பேர் முன்னால் நிறுத்தி வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டாள். “பத்து வரைக்கும் எண்ணத் தெரியாதவன் ஸ்பேனரை ஏன்டா தொடுறே?” அவளைவிடப் பத்து வயது சின்னவன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதற்குப் பிறகு அவனிடம் வந்துகொண்டிருந்த ஆறு படகுகள் இவளிடம் வந்துவிட்டன. வழியில் பார்த்தால் இப்போதும் “அக்கா” என்பான். இவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடப்பாள்.

அன்று காலை மூத்தாளுக்கு இம்பெல்லர் மாற்றும் நாள். முந்தின நாள் வெளியே கொட்டும் தண்ணீர் கொஞ்சம் மெலிந்தாற்போல் அவள் கண்ணுக்குப் பட்டிருந்தது. ஏழரைக்குப் படகு கிளம்ப வேண்டும், பயணிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். குப்புறப் படுத்துப் பம்பின் மூடியைக் கழற்றி, பழைய சக்கரத்தை உருவினாள். ஒடிந்த இதழ் ஒன்று பம்பின் அடியிலேயே கிடந்தது. அதை விரலால் எடுத்த நேரத்தில் பக்கத்துப் படகிலிருந்து ஒருவன், “அக்கா, கியர் விழ மாட்டேங்குது, மோதப்போறேன்!” என்று அலறினான். புதிய சக்கரத்தைத் தள்ளி, மூடியை முடுக்கி, பழையதையும் துண்டையும் மேலங்கிப் பையில் திணித்துக்கொண்டு அந்தப் படகுக்குத் தாவிவிட்டாள். அவசரத்தில் அண்டாவுக்குள் கூடக் கை நுழையாது என்பார்கள். அவள் கை எதற்குள்ளும் நுழையும், அதுதான் ஆபத்து. திரும்பிப் பார்த்தபோது கணவரும் கொழுந்தனும் பதினெட்டுப் பயணிகளோடு கிளம்பியிருந்தார்கள். கணவர் வழக்கம்போல் கையை ஆட்டினார்.

பத்து மணிக்குப் பட்டறையில் ஏதோ எடுக்கக் குனிந்தபோது பையில் இருந்தது இடுப்பில் குத்தியது. எடுத்தாள். கை தானாகவே எண்ணியது. சக்கரத்தில் எட்டு. துண்டு ஒன்று. ஒன்பது.

மறுபடி எண்ணினாள். கொஞ்சம் எண்ணெய் அப்பியிருந்ததைத் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். ஒன்பது. அடுத்தடுத்து இரண்டு இதழ்கள் அடியோடு போயிருந்தன, காலையில் கண்ணுக்கு ஒரே இடைவெளியாகத் தெரிந்திருக்கிறது.

பையைத் திருப்பி உதறினாள். எண்ணெய்த் துணி போடும் டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள். படகு நின்ற இடம் வரை ஓடி, பலகை இடுக்குகளில் கண்ணை வைத்துப் பார்த்தாள். திரும்பி வந்து மறுபடி டப்பாவைக் கிளறினாள். கழற்றும்போது கடலில் விழுந்திருக்கும். இல்லாவிட்டாலும் ஒரு துண்டுதானே, வெளியே தள்ளிவிடும். “சரியாயிடும்,” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சொன்னது காதில் விழுந்ததும் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

கைபேசியில் கூப்பிட்டாள். கலங்கரை விளக்கத்தைத் தாண்டினால் சிக்னல் கிடையாது என்று தெரியும். தெரிந்தும் நாலு முறை கூப்பிட்டாள்.

மணி பத்தேகால். பத்தரைக்குப் படகு இடுக்குக்கு வந்துவிடும். இரண்டு பாறைத் தீவுகளுக்கு நடுவே உள்ள குறுகலான வழிக்கு அதுதான் பெயர். உள்ளே நீரோட்டம் இழுக்கும். எதிர்த்து ஏறக் கால் மணி நேரம் எஞ்சினை முழு வேகத்தில் வைத்தாக வேண்டும். அங்கே மூத்தாள் மூச்சடைத்து நின்றால் நங்கூரம் போடக்கூட அவகாசம் இருக்காது.

சூடு காட்டும் மீட்டரைப் பார்த்துச் சுதாரித்துக்கொள்வாரா என்றால், மாட்டார். அந்த மீட்டரின் மேல்தான் அவர் தொப்பியை மாட்டி வைப்பார். “என் பெண்டாட்டி பாத்த எஞ்சினுக்கு மீட்டர் எதுக்கு?” என்று பயணிகளிடம் பெருமை வேறு. சூடேறினால் கத்துகிற பஸ்ஸர் ஒன்று உண்டு. அது போய் ஒரு வருடமாகிறது. துறையில் எல்லாப் படகுக்கும் பஸ்ஸர் மாட்டிக் கொடுத்தவளுக்குத் தன் படகுக்கு மாட்ட நேரம் வரவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

மீதி இருந்த ஒரே வழி ரேடியோ அறை. துறையின் முனையில், மாடியில் இருந்தது. அங்கிருந்து பேசலாம். ஆனால் படகுகள் எல்லாவற்றுக்கும் ஒரே அலைவரிசை. ஒருவர் பேசினால் கடலில் இருக்கும் முப்பது நாற்பது படகிலும் கேட்கும், கரையில் ரேடியோ வைத்திருக்கும் ஒவ்வொரு கடையிலும் கேட்கும். அந்த அலைவரிசையில் போய், பம்பரம் எண்ணவில்லை என்று பம்பரமே சொல்ல வேண்டும்.

ஓடினாள். ஓடிக்கொண்டே, உண்மையைச் சொல்லாமல் சமாளிப்பதற்கான வார்த்தைகளையும் தேடிக்கொண்டு போனாள். அதையும் சொல்லத்தான் வேண்டும், நல்லவள் என்பதற்காக மறைக்கக் கூடாது.

மாடியில் ரேடியோக்காரர் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மூலையில் ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் சரியாயிடும். கெட்ட நேரம் வந்தால் சாட்சியையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

“அண்ணே, எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க. அவசரம்.”

அவர் கூப்பிட்டார். கரகரப்புக்கு நடுவே குரல் வந்தது. மைக்கை இவள் வாங்கிக்கொண்டாள்.

“இளையாளா? என்ன விஷயம்? ஓவர்.”

“ஏங்க, கொஞ்சம் மெதுவா போங்க.”

“மெதுவாவா? இடுக்கு வந்தாச்சு. நீரோட்டம் பலமாகறதுக்குள்ள தாண்டணும். விட்டா சாயங்காலம்தான். பதினெட்டுப் பேர் இருக்காங்க, தெரியும்ல? ஓவர்.”

“பரவால்லங்க. மெதுவா போங்க.”

“காரணத்தைச் சொல்லு. மூத்தாள் நல்லாத்தான் பாடிக்கிட்டு வர்றா. காலையில நீதானே கை வச்சே, அப்புறம் என்ன பயம்? நான் வேகத்தைக் கூட்டப்போறேன். ஓவர்.”

காலையில நீதானே கை வச்சே. அந்த வார்த்தை அவளை அறைந்தது. இருபத்தோரு வருடமாக அவள் சேர்த்து வைத்த பெயர்தான் இப்போது அவரைப் பாறைக்கு நடுவே தள்ளிக்கொண்டு போகிறது. அவள் பெயரைக் கெடுத்தால்தான் அவர் நிற்பார்.

“கூட்டாதீங்க!” என்று கத்தினாள். “நான் எண்ணலங்க. இம்பெல்லர்ல ரெண்டு இதழ் போயிருக்கு. ஒண்ணுதான் கையில இருக்கு. இன்னொண்ணு குழாய்க்குள்ள இருக்கு. நான் எண்ணாம மூடிட்டேன். தப்பு என்னோடது. தொப்பியை எடுத்து மீட்டரைப் பாருங்க.”

மூலையில் ஸ்பேனர் சத்தம் நின்றுவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“தொண்ணூத்தாறு,” என்றார் கணவர். ஓவர் சொல்ல மறந்துவிட்டார்.

எண்பதில் நிற்க வேண்டியது. “அணைச்சிடாதீங்க! சட்டுனு அணைச்சா உள்ள இருக்கிற சூட்டுல ஹெட் போயிடும். வேகத்தைக் குறைச்சு வெளியே திருப்புங்க. இடுக்கு வாசல்லயே நங்கூரத்தைப் போடுங்க. எஞ்சின் சும்மா ஓடட்டும். எண்பத்தஞ்சுக்கு இறங்கின அப்புறம் அணைங்க. தம்பியை ரேடியோ பக்கத்துலயே வச்சுக்கோங்க.”

அதற்குப் பிறகு கொழுந்தன்தான் பேசினான். கயிறு கட்டத் தெரியும், பயணிகளைச் சிரிக்க வைக்கத் தெரியும். ஸ்பேனர் பிடித்த கை இல்லை அது. எஞ்சின் அணைந்ததும் கடல் தண்ணீர் வால்வை மூடச் சொன்னாள். கடல் தண்ணீர் எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உருளையின் கோடி மூடி எங்கே இருக்கிறது, எத்தனை போல்ட், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. பேச்சு நின்ற ஒவ்வொரு நிமிடமும் அந்தச் சின்ன அறையில் மைக்கின் ஒயர் எட்டுகிற தூரத்துக்கு நடந்தாள், திரும்பினாள், நடந்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். மேசை மேல் இருந்த பென்சில்களை அளவு வாரியாக அடுக்கினாள். ரேடியோக்காரர் தன் டீயை அவள் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்திக்கொண்டார்.

“அண்ணி, மூடியைத் திறந்துட்டேன். ஒண்ணும் இல்ல.”

“நல்லாப் பாரு. கையை உள்ள விட்டுப் பாரு.”

“விட்டாச்சு அண்ணி. சுத்தமா இருக்கு. ஒரு தூசு இல்ல.”

கணவரின் குரல் நடுவே வந்தது. சத்தத்தைத் தாழ்த்திப் பேசினார். “நங்கூரம் பிடிக்க மாட்டேங்குது. கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டுப் போகுது. எவ்வளவு தூரம் இருக்குன்னு இப்ப சொல்ல முடியாது, பக்கத்துல குழந்தைங்க இருக்கு. சீக்கிரம் யோசி. ஓவர்.”

அவளுக்கு யோசனை வரவில்லை. அங்கே இல்லாவிட்டால் வேறு எங்கே? துண்டு இருந்தால் அந்த உருளையின் வாயில்தான் இருக்கும் என்று அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தவள் அவள். முதல் தடவையாகக் கால் இரண்டும் தரையில் ஒட்டிக்கொண்டு நின்றன.

“அக்கா.”

மூலையிலிருந்து சரியாயிடும் எழுந்து வந்திருந்தான். “அது வரைக்கும் போயிருக்காது. அதுக்கு முன்னாடியே கியர் ஆயில் கூலர் இருக்குல்ல, அதோட வாய்ல பாக்கச் சொல்லுங்க. அங்க துவாரம் சின்னது.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“போன வருஷம் அங்கதான் கிடைச்சுது. ரெண்டு நாள் தேடினேன்.” கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தான். “நீங்க திட்டினீங்க. எங்க கிடைச்சுதுன்னு கேக்கலியே.”

உண்மைதான். கேட்கவில்லை. அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இன்றைக்கு இருபது நிமிடம் மிச்சம்.

“தம்பி,” என்று மைக்கில் சொன்னாள். “கியர் பாக்ஸ் மேல வாழைக்காய் நீளத்துக்கு ஒரு பித்தளைக் குழாய் இருக்கும். பம்புல இருந்து வர்ற ரப்பர் குழாய் அதுல மாட்டியிருக்கும். அந்த கிளிப்பைத் தளர்த்திக் குழாயை உருவு. வாய்க்குள்ள விரலை விடு.”

நீண்ட நேரம் ஒன்றுமில்லை. நீண்ட நேரம் என்பது அவளுக்கு. ரேடியோக்காரரின் கடிகாரத்துக்கு மூன்று நிமிடம்.

“கிடைச்சுடுச்சு அண்ணி! எடுத்துட்டேன்!” உடனேயே அவன் குரல் மாறி, “ஆனா ஒண்ணு இல்ல. ரெண்டு இருக்கு.”

“ரெண்டா?”

“ஒண்ணு மெத்துன்னு இருக்கு. இன்னொண்ணு கல்லு மாதிரி காஞ்சு, மேல வெள்ளையா உப்புப் படிஞ்சு, அந்த மூலையில ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. கத்தியால நெம்பித்தான் எடுத்தேன். இது பழசு அண்ணி. ரொம்பப் பழசு.”

அவள் மைக்கைக் கீழே இறக்கினாள். சரியாயிடும் மெல்ல, “வால்வைத் திறக்கச் சொல்லுங்க அக்கா,” என்றான். சொன்னாள். குழாயை மாட்டி, உருளை மூடியைப் போட்டு, எஞ்சினைப் போடச் சொன்னாள். ரேடியோவில் மூத்தாள் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. நங்கூரம் ஏறுகிற சங்கிலிச் சத்தம் கேட்டது. யாரோ பயணி கை தட்டினார்.

நியாயமாக இந்த இடத்தில் அவளுக்கு நிம்மதி வர வேண்டும். வரவில்லை. அந்தப் பழைய துண்டுதான் மண்டைக்குள் ஓடியது. எந்த வருடம்? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நாலு வருடம் முன்னால் ஒரு கோடையில் மூத்தாள் காரணமில்லாமல் சூடேற ஆரம்பித்தாள். எண்பதில் நின்றது எண்பத்தெட்டுக்குப் போயிற்று. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுகிறீர்கள் என்று கணவரைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாள் திட்டினாள், ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். அவர் இல்லை இல்லை என்றார், பிறகு சும்மா இருந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் இரண்டு மூட்டை குறைவாகவே ஏற்றினார். சூடு மெல்லத் தணிந்தது, பார்த்தீர்களா என்று இவள் கேட்டாள். தொப்பி மீட்டர் மேல் ஏறியதும் அந்தச் சமயத்தில்தான். இவள் அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டிருந்தாள், திட்டுக்குப் பயந்து மறைத்தது என்று இப்போதுதான் உறைத்தது.

மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

“ஏங்க. கேக்குதா? அந்தப் பழைய துண்டும் என்னோடதுதான். நாலு வருஷம் முன்னாடி சூடு ஏறினப்ப உங்களைத் திட்டினேனே, சுமை ஏத்துறீங்கன்னு. அது நீங்க இல்ல. அன்னைக்கும் நான்தான் எண்ணாம விட்டிருக்கேன். எல்லாருக்கும் எண்ணு எண்ணுன்னு சொல்லிக்கிட்டு நான் ரெண்டு தரம்…” அழுகை வந்துவிட்டது. துறையில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. பிரசவ வலியிலேயே ஆயில் வடிகிறதா என்று கேட்டவள் அவள். இப்போது மேசையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அழுத பதற்றத்தில் கட்டைவிரல் பொத்தானிலேயே இருந்தது. அது அழுந்தியிருக்கும் வரை வேறு யாரும் பேச முடியாது. நாற்பது படகுகளும், அத்தனை கடைகளும், இடுக்கு வாசலில் நின்ற பதினெட்டுப் பேரும் அவள் அழுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரேடியோக்காரர் அவள் மணிக்கட்டை மெல்லத் தொட்டார்.

“விரலை எடும்மா. அவர் பேசணும்ல.”

எடுத்தாள்.

“…கேக்குதா? ரொம்ப நேரமா கூப்பிடுறேன். எண்பதுல நிக்குது. தொப்பியை எடுத்துக் கீழ வச்சுட்டேன், பாத்துக்கிட்டேதான் இருக்கேன். முழு வேகம் வச்சும் பாத்தாச்சு, எண்பதுதான். மூத்தாள் நல்லா இருக்கா.” கரகரப்பு கொஞ்சம் நின்றது. “நீ எப்படி இருக்கே? ஓவர்.”

எஞ்சின் எப்படி இருக்கிறது என்று இத்தனை வருடத்தில் அவர்கள் ஒருவரையொருவர் கேட்டது ஆயிரம் தடவை இருக்கும். இந்தக் கேள்வி அவளுக்குப் புதிது. மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டாள். எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன் என்றுதான் வாய் பழகியிருந்தது.

“நல்லா இல்லங்க,” என்றாள். “சீக்கிரம் வந்துடுங்க. ஆனா மெதுவா ஓட்டிக்கிட்டு வாங்க.”